ஏரியலுக்கு ஒரு தேர்வு



நம்மில் வயது முதிர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வீட்டுக் கூரையிலிருந்து கொல்லைப்புறத்துத் தென்னை மரம் வரையில் ஒரு செப்புக் கம்பி கட்டியிருக்கும். அதன் ஒரு முனை சன்னல் வழியாக இறங்கி, கூடத்து மேசையின்மேல் இருக்கும் ரேடியோ பெட்டியின் முதுகில் வந்து சேரும். பொழுது சாய்ந்த பிறகு குமிழை மெல்லத் திருகினால், கடல் கடந்த ஊர்களிலிருந்து தமிழ்க் குரல் கேட்கும். அந்தக் கம்பியைத்தான் நாம் ஏரியல் என்று சொன்னோம். அந்தக் குரலைச் சுமந்து வந்தவை சிற்றலைகள்.

இன்று சிற்றலை நிலையங்கள் பல மூடப்பட்டுவிட்டன. 1941ஆம் ஆண்டில் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தோடு நின்றுபோயிற்று. ஆயினும் சிற்றலையின்மேல் ஆசை வைத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பழைய பெட்டியைத் தூசு தட்டி எடுக்கிறார். அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் ஒரு கம்பியைக் கட்டுகிறார். பெட்டியைத் திறந்தால் 'கொர்' என்ற இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. உடனே இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். ஒன்று, 'சிற்றலையின் காலம் முடிந்துவிட்டது' என்று பெட்டியை மூடி வைக்கிறார். அல்லது, 'கம்பி சரியில்லை' என்று சொல்லி, பல நூறு வெள்ளி கொடுத்துப் புதிய ஏரியல் ஒன்றை வாங்கி வருகிறார். அதிலும் அதே இரைச்சல்தான்!

இங்கே குறை யாருடையது? வானமாக இருக்கலாம், பெட்டியாக இருக்கலாம், கம்பியாக இருக்கலாம், வீட்டுக்குள்ளிருந்தே எழும் மின் இரைச்சலாகவும் இருக்கலாம். எது என்று அறியாமல் பணத்தைச் செலவிடுவது, நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பாகும். ஆகவே, ஏரியலுக்கு முறையாக ஒரு தேர்வு வைப்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், நம் காது நல்ல தேர்வாளர் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கம்பியில் ஒரு நிலையத்தைக் கேட்கிறோம். கூரைமேல் ஏறிக் கம்பியை மாற்றிவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்கிறோம். இப்போது நன்றாகக் கேட்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் வானமும் மாறியிருக்குமே! சிற்றலைகள் பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தால் வளைக்கப்பட்டுக் கீழே திரும்பி வருகின்றன. அந்த மண்டலம் நிமிடத்திற்கு நிமிடம் மாறிக்கொண்டிருப்பது. ஆகவே நாம் கேட்டது கம்பியின் சிறப்பா, வானத்தின் கருணையா என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, நாமே பாடுபட்டுக் கட்டிய கம்பி என்றால் காதுக்கும் சற்றுப் பாசம் வந்துவிடுகிறது.

சரி, பெட்டியிலுள்ள அளவுமானியின் முள்ளை நம்பலாமா என்றால், அதையும் முழுமையாக நம்புவதற்கில்லை. முள் சமிக்ஞைக்கும் எழும், இரைச்சலுக்கும் எழும். பாசார் மாலாமில், சந்தடி நடுவே, நண்பர் ஒருவர் நம்மிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நண்பரின் குரலையும் சந்தையின் இரைச்சலையும் ஒரே அளவில் பெருக்கிக் கொடுத்தால் அவர் பேச்சு விளங்கிவிடுமா? விளங்காது. சிற்றலையும் அப்படித்தான். பெட்டி தானாக எழுப்பும் இரைச்சலைவிட வெளியிலிருந்து ஏரியல் வழியாக வரும் இரைச்சலே இங்கே பெரும்பாலும் மிகுதி. ஆகவே கம்பி எவ்வளவு வலுவாகக் கொண்டுவருகிறது என்பதைவிட, சமிக்ஞை இரைச்சலுக்கு மேலே எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதே முக்கியம். ஒரு சாண் குச்சியும் ஒரு சிறு பெருக்கியும் கொண்ட ஏரியல், இருபது மீட்டர் நீளக் கம்பியைச் சில வேளைகளில் வென்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் நமக்கு வேண்டியது என்ன? இரவும் பகலும் ஓயாமல் ஒலிக்கும் நிலையங்கள் வேண்டும். அவை பக்கத்திலும் தூரத்திலும், பல திசைகளிலும் இருக்க வேண்டும். ஒரு சமிக்ஞை வந்து சேர்ந்ததா இல்லையா என்பதில் ஐயத்திற்கே இடமிருக்கக் கூடாது. இத்தனையும் ஒருங்கே கிடைக்குமா என்று நேயர்கள் கேட்கலாம். கிடைக்கிறது. நம் தலைக்கு மேலே பறக்கும் வானூர்திகளே அந்த உதவியைச் செய்கின்றன.

பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் வானூர்தி, சாதாரண அதியுயர் அலைவரிசையில் சுமார் 400 கிலோமீட்டர் வரையில்தான் தரையோடு தொடர்பு கொள்ள முடியும். நடுக்கடலுக்குப் போய்விட்டால் அது போதாது. அங்கே நெடுங்காலமாகக் கைகொடுத்து வந்தது சிற்றலை. முன்பெல்லாம் விமானி இரைச்சலின் நடுவே வாயால் பேசித் தம் இருப்பிடத்தைத் தெரிவிப்பார். 1990களின் இறுதியில், அதே சிற்றலையில் எழுத்தும் எண்ணுமாகச் செய்திகளை அனுப்பும் முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு எச்.எஃப். டேட்டா லிங்க், சுருக்கமாக எச்.எஃப்.டி.எல். என்று பெயர். வானூர்தியிலுள்ள கருவி தானாகவே நல்ல அலைவரிசையைத் தேடிப் பிடித்து, தரைநிலையத்தோடு பேசிக்கொள்ளும்.

இந்த முறைக்காக உலகெங்கும் பதினைந்துக்கு மேற்பட்ட தரைநிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நமக்கு மிகவும் தெரிந்த ஊரில் இருக்கிறது. வடக்கே எல்லையைக் கடந்ததும் பலர் சுற்றுலா போய்வரும் ஹாட்யாய்தான் அந்த ஊர். கோலாலம்பூரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். தென்கொரியாவின் மூவான் சுமார் 4,400 கிலோமீட்டர். குவாம் தீவு சுமார் 4,900. பஹ்ரைன் சுமார் 6,000. நியூசிலாந்தின் ஆக்லாந்து சுமார் 8,700 கிலோமீட்டர். பக்கத்து வீடும் இருக்கிறது, பசிபிக் கடலின் அக்கரையும் இருக்கிறது. தேர்வுக்கு இதைவிட நல்ல வினாத்தாள் வேறென்ன வேண்டும்?

இந்தச் செய்திகள் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் முதல் 22 மெகாஹெர்ட்ஸ் வரையில், வானூர்திகளுக்கென ஒதுக்கப்பட்ட சிறுசிறு பகுதிகளில் வருகின்றன. 5, 6, 8, 10, 11, 13, 17, 21 மெகாஹெர்ட்ஸ் பக்கங்களில் இவற்றைக் காணலாம். காதால் கேட்டால் ஒரு சிறு 'கர்ர்' என்ற ஒலிதான். ஆனால் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள் வானொலிப் பெட்டியும், டம்ப்எச்எஃப்டிஎல் போன்று விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளும் இருந்தால், அந்த ஒலி எழுத்தாக மாறிவிடும். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் பிழை அறியும் எண் ஒன்று சேர்ந்து வருகிறது. கணக்கு ஒத்துவந்தால் செய்தி சரியாக வந்தது என்று பொருள்; ஒத்துவராவிட்டால் வரவில்லை. 'கேட்டமாதிரி இருந்தது' என்ற பேச்சுக்கே இடமில்லை. நம்முடைய பாசம் இந்தத் தேர்வாளரிடம் செல்லாது.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த முறையில் காலம் 32 வினாடிகள் கொண்ட சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் 13 பகுதிகள் கொண்டது. முதற்பகுதியில் தரைநிலையம், 'நான் இன்ன நிலையம், இன்ன அலைவரிசைகளில் இருக்கிறேன்' என்று ஓர் அறிவிப்பைத் தவறாமல் விடுக்கும். மற்றப் பகுதிகளில் வானூர்திகளும் தரைநிலையமும் மாறி மாறிப் பேசும். ஒரு மணி நேரத்திற்கு 3,600 வினாடிகள். அதை 32ஆல் வகுத்தால் 112.5 வருகிறது. அதாவது, ஒரு நிலையம் ஓர் அலைவரிசையில் இயங்கிக்கொண்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் 112 அல்லது 113 அறிவிப்புகள் நமக்கு வந்திருக்க வேண்டும். நம் கம்பி 56 மட்டுமே பிடித்தது என்றால், பாதியைக் கோட்டைவிட்டது என்று பொருள். கிடைத்தது எவ்வளவு என்பதோடு, கிடைக்காமல் போனது எவ்வளவு என்பதையும் சொல்லக்கூடிய அளவுகோல் இது.

இனித் தேர்வை நடத்தும் முறைக்கு வருவோம். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பழைய கம்பி, மற்றொன்றில் புதிய கம்பி. இரண்டையும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் இயக்க வேண்டும். அப்போதுதான் வானம் இருவருக்கும் பொதுவாகும். இடி இடித்தாலும், அயனி மண்டலம் கலங்கினாலும் இரண்டு கம்பிகளும் ஒன்றாகவே அதைத் தாங்கும். பாதிக் காலம் ஆனதும் பெட்டிகளை இடம் மாற்றிவிட வேண்டும். முதற்பெட்டியோடு இருந்த கம்பியை இரண்டாவதற்கும், இரண்டாவதை முதலாவதற்கும் மாற்றினால், பெட்டிகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு கம்பியின் கணக்கில் ஏறாது.

ஒரு பெட்டிதான் இருக்கிறது என்றால் கவலை வேண்டா. ஐந்து நிமிடம் இந்தக் கம்பி, ஐந்து நிமிடம் அந்தக் கம்பி என்று மாற்றி மாற்றி, நாளின் பல வேளைகளிலும், பல நாட்களுக்குக் கணக்கெடுக்கலாம். ஒரு மாலைப்பொழுதின் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பகலில் 13, 17, 21 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் விழித்திருக்கும். இரவில் 5, 6, 8, 10 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் உயிர்பெறும். ஆகவே ஒரு முழு நாளாவது வேண்டும். ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது.

கணக்கு எழுதும்போது மூன்று பத்திகள் போடுவோம். இரண்டு கம்பிகளும் பிடித்த செய்திகள் முதற்பத்தியில். பழைய கம்பி மட்டும் பிடித்தவை இரண்டாவதில். புதிய கம்பி மட்டும் பிடித்தவை மூன்றாவதில். உதாரணத்திற்கு, பொதுவாக வந்தவை 200, பழையது மட்டும் பிடித்தவை 10, புதியது மட்டும் பிடித்தவை 60 என்று வைத்துக்கொள்வோம். புதியது வென்றுவிட்டது என்று துணிந்து சொல்லலாம். இதுவே 35, 35 என்று வந்தால்? இரண்டும் சமம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு செய்திகளைப் பிடிக்கின்றன என்பதைத்தான் அந்தக் கணக்குச் சொல்லுகிறது. அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும்.

ஹாட்யாயிலிருந்து கிளம்பும் அலை, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் திரும்பி, 450 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோலாலம்பூரில் இறங்குகிறது. அது ஏறத்தாழ 50 பாகைக் கோணத்தில், செங்குத்தாகச் சரிந்து வருவது. ஆக்லாந்திலிருந்து வரும் அலையோ பலமுறை குதித்து, அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக வருவது. தரைக்கு நாலைந்து மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகக் கட்டிய கம்பி, மேலிருந்து வருவதை நன்றாக ஏற்கும்; தாழ்வாக வருவதை அவ்வளவாக ஏற்காது. நேராக நிமிர்த்தி நிறுத்திய கம்பியின் குணம் இதற்கு நேர்மாறு. ஆகவே மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், நிலையம் நிலையமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹாட்யாய் கணக்கில் தோற்ற கம்பி ஆக்லாந்து கணக்கில் முதலிடம் பெறலாம். 'எந்த ஏரியல் சிறந்தது?' என்ற கேள்வியைவிட, 'எந்தத் தூரத்திற்கு எது சிறந்தது?' என்ற கேள்விக்கே விடை உண்டு.

வானூர்திகளின் செய்திகளிலும் பயன் இருக்கிறது. அவற்றுள் சில, வானூர்தி அப்போது இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாகக் கொண்டுவருகின்றன. அந்த இடங்களை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைத்துப் பாருங்கள். வங்காள விரிகுடாவின்மேல் புள்ளிகள் நிறைந்து, தென்சீனக் கடலின்மேல் ஒன்றுமே இல்லையென்றால், கிழக்குப் பக்கத்தில் ஏதோ கட்டடமோ இரைச்சலோ மறிக்கிறதா என்று தேடலாம். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வானூர்தி பறந்ததா என்பதும் நமக்குத் தெரியாதே! அதனால்தான் இங்கேயும் ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று. மிக எளிதான வினாக்களைக் கேட்டால் எல்லா மாணவர்களும் நூறு வாங்கிவிடுவார்கள். ஹாட்யாய் வலுவாக வரும் வேளையில் இரண்டு கம்பிகளும் 112 அறிவிப்புகளையும் பிடித்துவிடலாம். அதை வைத்து இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. பாதி வந்தும் பாதி வராமலும் தள்ளாடும் தூரத்து நிலையமே நல்ல தேர்வாளர். அதுபோலவே, இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் கட்டக் கூடாது. ஒன்றன் இயல்பை மற்றொன்று கெடுத்துவிடும். பெருக்கியை அளவுக்கு மீறித் திருப்பிவைத்தாலும் பெட்டி திணறி, எண்ணிக்கை குறைந்துபோகும்.

இவ்வளவும் செய்து பார்த்தவர்கள் பலரும் கண்டறிவது, குற்றவாளி கம்பியே அல்ல என்பதுதான். எல்.இ.டி. விளக்கு, கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவி, கணினியின் மின்வழங்கி, இவையெல்லாம் சிற்றலையில் இரைச்சலை எழுப்பக்கூடியவை. இதையும் எண்ணிக்கையால் கண்டுபிடிக்கலாம். மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினியைக் கொண்டு ஒரு மணி நேரம் கணக்கெடுங்கள். பிறகு வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு மறுபடியும் கணக்கெடுங்கள். எண்ணிக்கை மளமளவென்று ஏறினால், கள்வன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்! ஒவ்வொரு கருவியாகப் போட்டு அணைத்து அவனைப் பிடித்துவிடலாம். சில வேளைகளில் ஏரியலிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளின் வெளியுறையே வீட்டு இரைச்சலைச் சுமந்து போகும். அந்தக் கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுகள் சுற்றிப் பார்க்கலாம். ஏரியலை வீட்டைவிட்டுச் சில மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்னும் பின்னும் எண்ணுவோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாகச் செய்தால் எதனால் பலன் என்று விளங்காது.

முடிவாக இரண்டு சொற்கள். நம் நாட்டில் இடிமின்னல் அதிகம். மாலை மேகம் கறுப்பதற்கு முன்பே ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். மின்சாரக் கம்பிகளுக்கு அருகே எக்காரணத்தைக் கொண்டும் ஏரியல் கட்டக் கூடாது. ஒரு தேர்வுக்காக உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது.

அடுத்தது, அந்தச் செய்திகள் நமக்காக அனுப்பப்பட்டவை அல்ல. இத்தகைய அலைகளைப் பெறுவதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் உண்டு. அதை முதலில் உரிய துறையினரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே தொடங்க வேண்டும். தேர்வுக்கு நமக்குத் தேவையானது எந்த நிலையம், எத்தனை மணி, எவ்வளவு வலிமை என்பவை மட்டுமே. ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரிக்கும் தபால்காரர் உறைமேலுள்ள முகவரியைப் பார்ப்பார். உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க மாட்டார். நாமும் அந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்போம். எண்ணிவிட்டு, செய்தியை மறந்துவிடுவோம்.

நேயர்களே, இந்தத் தேர்வின் முடிவில் நாம் புதிய ஏரியல் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். பழைய செப்புக் கம்பியே போதும், கூடத்து விளக்கைத்தான் மாற்ற வேண்டும் என்று தெரியவரலாம். எதுவானாலும், அது கேட்டறிந்து, எண்ணியறிந்து எடுத்த முடிவாக இருக்கும். சிற்றலை செத்துவிட்டது என்று பெட்டியை மூடி வைத்தவர் ஒருமுறை இப்படி எண்ணிப் பார்க்கட்டும். தென்சீனக் கடலின்மேல் இரவில் தனியே போகும் ஒரு வானூர்தியும், ஆக்லாந்திலிருந்து 32 வினாடிக்கு ஒருமுறை குரல் கொடுக்கும் நிலையமும் தம் வீட்டுக் கம்பிக்கு வந்து சேர்வதைக் காண்பார். அலைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை ஏற்கும்படி நம் வீட்டைச் சற்று அமைதிப்படுத்திக்கொள்வது நம் கையில் இருக்கிறது.